சிவப்புத் துணி கட்டிய புடலங்காய்

என் கணவருக்கு வானிலை ஆராய்ச்சி வேலை. தெற்கிலிருந்து கிளம்பும் குளிர்காற்று மெல்பர்னுக்கு எப்போது வந்து சேரும் என்று கிளேட்டன் ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர், ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரைப் பார்த்துப் புடலை விதைத்தார்.

ஆடிப் பட்டமாம். ஆகஸ்ட் மாதக் குளிரில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு பாதி விதையைப் புதைத்தார்.

"இங்க ஆடி மாசம் குளிர்காலங்க," என்றேன்.

"அது விதைக்குத் தெரியும். நீ உள்ள போ."

ஒன்றுகூடத் தலை நீட்டவில்லை. மிச்சத்தைப் பொங்கலுக்கு மறுநாள் போட்டார். தைப் பட்டம். வெயில் இருந்ததால் முளைத்தது. ஏதோ தானே முளைத்த மாதிரி ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பந்தலுக்கு வேறு இடமே கிடைக்காமல், கொல்லையில் துணி காயப்போடும் சுழல்கம்பியில் கொடியை ஏற்றிவிட்டார். அந்தக் கோடை முழுக்க என் புடவைகள் வேலிமேல் காய்ந்தன.

பக்கத்து வீட்டுக் கிரேக்க அம்மாள் அக்டோபரில் தக்காளி நட்டு, பறித்து, ஜாடி ஜாடியாகச் சாறு காய்ச்சி முடித்துவிட்டாள். மார்ச் கடைசியில் அவள் காய்ந்த செடிகளைப் பிடுங்கிப் பூண்டுக்கு எரு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் புடலை மூன்று பிஞ்சு விட்டது. அதில் இரண்டு, விரல் நீளம் வந்ததும் வெம்பி உதிர்ந்தன. மூன்றாவது கோணாமல் நீளட்டும் என்று அதன் நுனியில் அவர் கல்லைக் கட்டினார். காம்பில் என் பழைய ரவிக்கையைக் கிழித்துச் சிவப்புத் துணியும் கட்டினார். விதைக்கு விட்டிருக்கிறாராம், யாரும் தொடக்கூடாதாம். தொட யார் இருந்தார்கள்? கிரேக்க அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கல்லையும் துணியையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த விதை லேசில் கிடைத்ததல்ல. என் அண்ணன் கடிதத்துக்குள் ஒட்டி அனுப்பியது. மறுபடி அனுப்பியதைச் சுங்கத்தில் பிரித்து எரித்துவிட்டு, இனி அனுப்பினால் வழக்கு என்று தாள் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் இனி புடலங்காய் சாப்பிடுவோமா மாட்டோமா என்பது அந்த ஒற்றைக் காயின் கையில் இருந்தது.

அவர் அப்படித்தான் நினைத்தார். எனக்கு வேறு தெம்பு இருந்தது. முதல் கடிதம் வந்த அன்றே, இந்த மனிதரை நம்பி எல்லாவற்றையும் கொடுக்கக்கூடாது என்று எட்டு விதையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். ஊரில் எங்கள் வீட்டில் வைக்கிற மாதிரியே துணியில் முடிந்து, அவர் நிமிர்ந்தே பார்க்காத அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். அதனால் அவர் காலையில் குடையும் கையுமாகப் போய்க் காயைத் தடவிப் பார்ப்பதை ஜன்னலில் நின்று ரசிக்க முடிந்தது.

ஏப்ரலில் இலைகள் சாம்பல் பூத்துக் கருகின. காய் பழுக்கவே இல்லை, அழுக ஆரம்பித்தது. அறுத்துப் பார்த்தார். உள்ளே விதைகள் வெள்ளையாக, நகம் பட்டால் நசுங்கின. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் இருந்தது.

முளைகட்டியே காட்டி மூக்கை உடைப்போம் என்று, எட்டில் நான்கை ஈரத்துணியில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். ஆறாம் நாள் பிரித்தால் கொழகொழவென்று நாறின. மிச்ச நான்கையும் வைத்தேன். அதுவும் அப்படியே.

ஊரில் அடுப்புக்கு மேலே புகை போகும், விதையில் பூச்சி அண்டாது. இங்கே என்னுடையது மின்சார அடுப்பு. பத்து மாதமாகப் புகையே இல்லாத அடுப்புக்கு மேலே கட்டிவைத்து, தினமும் ரசத்தின் ஆவியிலும் சோற்றின் ஆவியிலும் அவற்றை வேகவைத்திருக்கிறேன். அவர் விதையாவது பாதி முளைத்தது.

துணியைக் குப்பையில் போடும்போது பின்னால் வந்து நின்றார்.

"என்ன நாத்தம்?"

"பயறு ஊற வச்சேன். கெட்டுப்போச்சு."

"நாள் பாத்து ஊற வச்சிருக்கணும்," என்று சிரித்தார். காய் அழுகினதிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். நான் குப்பைத் தொட்டியை இறுக்கி மூடினேன்.