ஞானராஜ் சாப்பிட்ட கத்தரிக்காய்

கூடுவாஞ்சேரி ரயில் மேடையில் நின்றபோது செல்வியிடமிருந்து போன் வந்தது. "ஞானராஜ் சார் பூட்டாருண்ணா. மாரடைப்பு." சரி என்றேன். செங்கல்பட்டு போக வேண்டியவன் எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டேன் என்பது வண்டலூர் தாண்டித்தான் உறைத்தது. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. மரத்துப்போய்க் கிடக்கிறேன். அவனைத் தெரிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

தொண்ணூறுகளில் நானும் அவனும் ஒரே விதை நிறுவனத்தில் சேர்ந்தோம். மரபணு மாற்றிய பயிர் என்ற பேச்சு வந்ததும் நான் வெளியேறி, அதை எதிர்த்துக் கூட்டம் போட ஆரம்பித்தேன். அவன் அங்கேயே இருந்து, திருவிடந்தைக்கு மேற்கே மரபணுக் கத்தரிக்குச் சோதனை வயல் போட்டான். என் கூட்டங்களுக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காருவான், பாவி.

"விதைக்கு வருஷா வருஷம் கம்பெனிகிட்டயே கையேந்தணுமா? மகரந்தம் பக்கத்து வயலுக்குப் போகாதா?" என்பேன். "போகும் மச்சான், நியாயந்தான்" என்று ஒப்புக்கொள்வான். பிறகு அவன் அப்பாவைப் பற்றி ஆரம்பிப்பான். ஊரார் தோட்டங்களுக்கு மருந்தடித்தே கூலி வாங்கியவர் அவர். ஒருநாள் முதுகில் டேங்கோடு வரப்பில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. "புழுவைக் கொல்ற சக்தி செடிக்குள்ளயே இருந்திருந்தா எங்க நைனா இருந்திருப்பாருடா."

சாப்பிட இன்னும் அனுமதி இல்லாததால், சோதனை வயலில் பறித்த காயை அங்கேயே கொளுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆனால் நம் பக்கம் காய் பறிக்கும் பெண்கள் வேலை முடிந்ததும் ஒரு மடி காய் கட்டிக்கொண்டு போவது வழக்கம். யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. அங்கே காய் பறித்த செல்வியும் அப்படித்தான் எடுத்துப்போயிருக்கிறாள். ஒரு மதியம் நாங்கள் அவள் வீட்டு வழியாகப் போனபோது குழம்போடு வந்து நின்றாள். "நம்ம வயலு காய்தான் சார். ஒரு சொத்தை இல்ல, சூப்பரா கீது. துன்னுட்டுப் போங்க." ஞானராஜின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பிள்ளைகள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தடுத்தேன். "அவங்க துன்னுட்டாங்க, நான் பார்த்துகினு நிக்கணுமா? நீ துன்னாத, நீ வேணாம்னு சொல்றவன்." வழித்துச் சாப்பிட்டான்.

மறுநாள் அவனே மேலிடத்தில் போய்ச் சொன்னான். செல்வியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சோதனையை மூடினார்கள், அவன் வேலையும் போயிற்று. "வாயை மூடிகினு இருக்க வேண்டியதுதானே!" என்று கத்தினேன். "நல்லதா கெட்டதான்னு தெரியாமத்தானே சோதனை வெச்சோம்? தெரியாதத தெரிஞ்ச மாதிரி உங்க ஆளுங்களும் பேசுறாங்க, எங்க ஆளுங்களும் பேசுறாங்க. நான் மாட்டேன்" என்றான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு நகர்ந்தபோது செல்வி என் கையைப் பிடித்தாள். "அன்னிக்குத் துன்னதாலயாண்ணா? எம்புள்ளைங்களும் துன்னுச்சுங்களே." இத்தனை வருஷமாக மேடையில் அந்தக் காயை விஷம் என்று முழங்கியவன் நான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊரே நம்பியிருக்கும்.

"டாக்டர் மாரடைப்புன்னுதான் சொன்னாரு. காயாலன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. கெடுதலே வராதுன்னு சொல்லவும் எனக்குத் தெரியாது. புள்ளைங்க எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத்தான் கீதுங்க."

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'தெரியாது' என்ற அந்தப் பதில்தான். அடுத்த கூட்டம் மாமல்லபுரத்தில். நோட்டீசில் 'விஷம்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்களுக்குக் கோபம். என் மற்ற கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. எழுந்து நின்று "நியாயந்தான் மச்சான், ஆனா" என்று ஆரம்பிக்கத்தான் அவன் வரமாட்டான்.