இடது கை கத்தரீனா

"ரக்லன் வந்துட்டாரு, கேட்டத் தொறங்க," என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறாள் கத்தரீனா. வந்தவர் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். என்றோ ஒரு நாள் கழுத்திலிருந்து சரிவாகக் கை இறங்கும் ரக்லன் டீசேட் போட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர்.

குண்டசாலையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் ஞானஸ்நானப் பெயர் நிலைப்பதில்லை. மூலைக் கடைக்காரர் 'டபுள் பொக்கட்'. பாலர் பாடசாலை மிஸ் 'போட் நெக்'. எதற்கும் வளைந்து கொடுக்கும் கிராம சேவகர் 'லைக்ரா'. புதிதாக வந்த பங்குத்தந்தையை, அங்கியின் நிமிர்ந்த கழுத்துப்பட்டியைப் பார்த்து, அவள் 'சைனீஸ் கொலர்' என்று சொன்னபோது, ஃபாதர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"விழுந்துருச்சே! 'நான் சைனாக்காரன் இல்லம்மா, பசறைக்காரன்'னு சொல்லிச் சிரிச்சாரு."

என் கணவருக்கு அவள் வைத்த பெயர் 'முழுக்கை'. எந்த வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றாத மனிதர். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. "முழுக்கைக்கு இந்தக் கறி புடிக்குமே," என்று இன்றும் மதிலுக்கு மேலால் கிண்ணத்தை நீட்டுகிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

கத்தரீனா பல்லேகலைப் பக்கம் ஒரு காமென்டில், ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறாள். சட்டை தைக்கிறாள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். சட்டையின் இடது கையைத் தைக்கிறாள். தோள் மூட்டிய உடல் அவளிடம் வரும். இடது கையை அக்குள் வளைவில் பொருத்தி எதிர் மெசினுக்குத் தள்ளுவாள். அங்கே வலது கை. அதற்கப்பால் கொலர், கஃப், ஹெம் என்று சட்டை ஆள் ஆளாகக் கடந்து போகும்; அந்த வரிசைதான் 'லைன்'. இத்தனை வருடத்தில் அவள் பொருத்திய கைகளை யாரும் எண்ணவில்லை. "லண்டன்ல எத்தன வெள்ளக்காரி என் கைக்குள்ளதான் கைய விட்டுக்கிட்டுத் திரியிறா தெரியுமா?" என்பாள்.

ஒரு முழு உடுப்பு தைத்துத் தருவாயா என்று கேட்டால் முகம் சுருங்கும். "அது டெய்லர்மாரு வேலைங்க. நாங்க காமென்ட்."

எதிர் மெசினில் வலது கை தைப்பவள் றேணுகா. நாள் முழுவதும் இருவரும் சண்டை போடுவார்கள். எந்தக் கை கஷ்டம் என்பதுதான் சண்டை. வேலை விட்டு வரும்போதும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து அதே சண்டையைத் தொடர்வார்கள். அந்த றேணுகாவுக்கு திகனையில் ஓட்டோ ஓட்டும் ரொஹானோடு கல்யாணம் நிச்சயமானது. கண்டியில் ஒரு கடையில் வாடகைக்கு வெள்ளை கவுன் சொல்லி வைத்திருந்தார்கள். கத்தரீனா கொதித்துப் போனாள்.

"ஊர் உலகத்துக்கே தைச்சு அனுப்புற லைன். நம்ம புள்ள வாடகை உடுப்புலயா கோயிலுக்குப் போறது?"

யாரையும் கேட்காமல் அவளே கடைக்குப் போன் எடுத்து கவுனை வேண்டாம் என்றுவிட்டாள். கல்யாணம் வரும் சனிக்கிழமை. இனி லைன்காரர்கள் தைத்தால்தான் றேணுகாவுக்கு உடுப்பு.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கத்தரீனாவின் ஹோலில் லைன் போட்டார்கள். கதிரைகளை முற்றத்தில் எறிந்துவிட்டு, இரவல் மெசின்களை வாசலிலிருந்து குசினி வரை வரிசையாக வைத்தார்கள். கட்டிங் பகுதி ஃபாஸில் கத்தரிக்கோலோடு வந்தார். ஸிப் தைக்கும் ஜஹானா அக்குறணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வட்டிலப்பத்தோடு வந்தாள். கத்தரீனாவின் புருஷன் யாகப்பருக்கு தரம் பார்க்கும் உத்தியோகம். எதைக் காட்டினாலும் நிமிராமலே "பாஸ்" என்பார்.

மீன்வால் மாதிரி முழங்காலுக்குக் கீழே விரிவது வேண்டும் என்றாள் றேணுகா. "மாதா கோயில் படியில தாவித் தாவியா ஏறுவ? ஏ-லைன்தான்," என்றாள் கத்தரீனா. கழுத்து போட் நெக். உடல் கனத்த வெள்ளை சாட்டின், மேலே மெல்லிய நெட், உள்ளே உறுத்தாத பருத்தி லைனிங். கைகள் மணிக்கட்டு வரை ஒட்டிப் பிடித்து, முழங்கையில் சிறு மடிப்புத் தையலோடு வரவேண்டும்.

ஒரு ஆள்தான் குறைந்தது. மணப்பெண் தன் கல்யாண உடுப்பில் ஊசி வைக்கக்கூடாது என்பது றேணுகாவின் அம்மா போட்ட சட்டம். ஆகவே வலது கைக்கு ஆள் இல்லை. "கை கைதானே, ரெண்டையும் நானே போடுறேன்," என்றாள் கத்தரீனா. தனக்குத் தெரிந்த காகிதப் பெட்டர்னை ஃபாஸிலிடம் கொடுத்து இரண்டு வெட்டச் சொன்னாள். கட்டிங்கில் நிற்பவர் கொடுத்ததை வெட்டுவார். கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே இல்லை.

அப்புறம் லைன் ஓடியது. உடுப்பு மடியிலிருந்து மடிக்குப் பறந்தது. அடுத்த துண்டு வரத் தாமதித்தால், "ஃபீடிங் இல்ல! ஃபீடிங் இல்ல!" என்று ஜஹானா கூச்சலிட்டாள். மத்தியானச் சோறு கொதிக்குமுன் கவுன் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் ஒவ்வொருத்தியின் இடக்கையும் அடுத்த உருப்படிக்காகப் பக்கத்தில் நீண்டபடியே இருந்தது. அதைப் பார்த்து அவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

றேணுகா போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். சிரிப்பு நின்றது.

இடது கை அச்சில் வார்த்தது போல் இருந்தது. வலது கை முறுகிக்கொண்டு பின்னால் போயிருந்தது. முழங்கைக்கான புடைப்பு முன்பக்கம் துருத்தியது. மேசைக்குக் கீழால் லஞ்சம் வாங்குகிறவளைப் போல, உள்ளங்கை பின்னால் பார்க்க நின்றாள் மணப்பெண்.

"யா அல்லாஹ்! என்ன புள்ள செஞ்சி ஈக்கிற? ரெண்டும் இடதுக் கை!" என்றாள் ஜஹானா.

"பாஸ்," என்றார் யாகப்பர்.

"அந்த மனுசன வெளிய அனுப்புங்க!" என்று லைனே கத்தியது.

றேணுகா அழவில்லை. முறுகிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் அறைக்குள் போய்க் கழற்றிக் கொடுத்த கவுனிலிருந்து, பிழையான கையைக் கத்தரீனா பிரித்தெடுத்தாள். ஃபாஸில் மிச்சத் துணியை விரித்துப் பார்த்தார். ஒரு கைக்குச் சரியாக இருந்தது. அதற்குமேல் கைக்குட்டைக்கும் காணாது. சாட்டினில் ஊசி போன ஓட்டை மறையாது. இதுவும் பிழையானால் இன்னொரு முறை பிரித்துத் தைக்க வழியில்லை.

இடது கை வலது கையாக வரும்படி, பெட்டர்னைக் கவிழ்த்து வைத்து வெட்டினார் ஃபாஸில். கத்தரீனா சிலுவை போட்டுக்கொண்டு மெசினில் உட்கார்ந்தாள். றேணுகா பாய்ந்து வந்து துணியைப் பிடிக்கப் போனாள். ஜஹானா அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க ஜஹானாக்கா! அவங்க இழுக்கிறாங்க!"

"ஒங்க உம்மா சென்னத கேளு. வாயால சொல்லு. கைய நான் உட மாட்டன்."

"அக்கா, இதுல பின்பக்கம் மொதல்ல வரும். தள்ளுங்க, இழுக்காதீங்க!"

"தள்ளத்தான்டி செய்றேன்!"

"இடது மாதிரி தள்ளுறீங்க!"

"எனக்கு வேற மாதிரி தள்ளத் தெரியாதேடி!"

மெசின் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து அத்தனை வருடம் திட்டிக்கொண்டவர்கள் இப்போது ஒரே பக்கத்தில் இருந்தார்கள். றேணுகா குனிந்து, கைகள் ஜஹானாவிடம் இருக்க, தாடையைக் கத்தரீனாவின் தோளில் வைத்தாள். "மெதுவா வாங்க. நான் சொல்றப்ப நிப்பாட்டுங்க," என்றாள். அரை அங்குலம், நிறுத்து, அரை அங்குலம், நிறுத்து. குசினியில் சோறு அடிப்பிடித்தது. எழுந்து போக யாருக்கும் துணிவில்லை.

றேணுகா மறுபடி போட்டுக்கொண்டு வந்தபோது கை சரியான பக்கம் பார்த்தது. ஆனால் பதற்றத்தில் தையல் ஒரு நூல் உள்ளே போய், அக்குள் இறுகிவிட்டது. றேணுகா கையை உயர்த்திப் பார்க்கப் போனாள். எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். கிழிந்தால் துணியில்லை.

"சனிக்கெழம தோளுக்கு மேல கைய தூக்காத," என்று கத்தரீனா கட்டளை போட்டாள். "ஆசீர்வாதம், போட்டோ, எல்லாம் கீழயே வச்சுக்க. ரொஹான் குனியட்டும்."

சனிக்கிழமை அப்படியே நடந்தது. ஃபாதர் சொன்னபடி இருவரும் வலது கைகளைச் சேர்த்தார்கள், இடுப்பு உயரத்தில். ரொஹான் எல்லாவற்றுக்கும் குனிந்தான். 'சைனீஸ் கொலர்' மோதிரங்களை மந்திரிக்கையில் கத்தரீனா பீடத்தைப் பார்க்கவேயில்லை. பாட்டுக்கு எழும்பும்போதும் மணப்பெண்ணின் தோளையே பார்த்தபடி எழும்பினாள்.

கோயில் முற்றத்தில் கல்யாணமாகாத குமரிகள் கூடி, பூச்செண்டை எறியச் சொல்லி ஆர்ப்பரித்தார்கள். றேணுகா சந்தோஷத்தில் எல்லாக் கட்டளையையும் மறந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையைத் தலைக்கு மேலே வீசி, முழுப் பலத்தோடு எறிந்தாள்.

முற்றம் முழுவதும் பூச்செண்டு போன திசைக்குத் திரும்பியது. அது ஜஹானாவின் தலையில் விழுந்து, பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறவளுக்கு மறுபடியும் கல்யாணமா என்று ஊரே கைதட்டியது. கத்தரீனா மட்டும் எதிர்த்திசையில் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. மணப்பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து அந்த வலது கையை மீண்டும் வானத்துக்கு உயர்த்தினாள். அக்குளுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், தையல் வளைவு முழுவதையும் விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். எங்கும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பிறகு, அந்தக் கையைக் கீழே விடாமலே, எங்கள் எல்லோரையும் பார்த்துத் திரும்பினாள்.