டிரைவரின் முன்பல்

பல் டாக்டரின் பின்னறையில் பன்னிரண்டு வருஷமாகப் பல் செட் செய்கிறவளுக்கு எல்லோரும் வைத்த பேர் மெழுகக்கா. அவள் நக இடுக்கில் எப்போதும் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருக்கும். முன்னறையில் வாயைத் திறப்பது யாரென்று அவளுக்குத் தெரியாது. வெள்ளைச் சாந்தில் வார்த்த வாய் அச்சு ஒன்று வரும், கூடவே பல்லை எப்படி வைக்கவேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டு வரும். அச்சின்மேல் மெழுகால் ஈறு கட்டி, டப்பாவிலிருந்து பற்களை எடுத்து நடுவாள். அதை ஒருமுறை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். சரியென்றால் மெழுகைக் கெட்டி ஈறாக மாற்ற வார்ப்புக்குப் போகும். பத்து வருஷம் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தாள்.

பிறகு ஒருநாள் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கொட்டாவி விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாயில் ஒரு பல்லும் அவள் நடுவதைப்போல அணிவகுப்பில் நிற்கவில்லை. அன்றிலிருந்து ஊரார் வாயையெல்லாம் பார்க்க ஆரம்பித்தாள். செட்டில் ஒரு பல்லை மயிரிழை திருப்புவாள், இன்னொன்றின் நுனியைத் தேய்ப்பாள். மதியச் சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாது.

லாரி டிரைவர் ஒருவரின் செட் இரண்டுமுறை திரும்பி வந்தது. "இது என் மூஞ்சியே இல்ல" என்றாராம். டாக்டர் பின்னறைக்கே வந்துவிட்டார்.

"நீ திருகித் திருகி வைக்கிறதாலதான் இந்த வம்பு. சீட்டுல எழுதின மாதிரி நேரா வை. மூணாவது தடவையும் வந்துச்சுன்னா நான் வெளியில கொடுத்துச் செஞ்சுக்குவேன். அப்புறம் நீ வீட்டுலதான் மெழுகு உருக்கணும்."

"ஒருதடவை ஆளைப் பார்த்துட்டு வைக்கட்டுமா சார்?"

"போய்ப் பாரு. அவரைப் பேச்சுல பிடிச்சு வைக்காதே."

முன்னறையில் டிரைவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்கிற மாதிரி பழைய போட்டோ இருக்கிறதா என்று மெழுகக்கா கேட்டாள்.

"எல்லாத்துலயும் போலீசைப் பார்த்த மாதிரி வாயை மூடிட்டு நிப்பாருக்கா" என்றாள் மனைவி.

"கல்யாண போட்டோவுல நீ மட்டும் சிரிச்சியாக்கும்?"

"சிரிக்கிற மாதிரியா இருந்துச்சு என் நிலைமை?"

டிரைவர் வெறும் ஈறு தெரியச் சிரித்தார். மெழுகக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலுதடு இடதுபக்கம் சற்றுத் தூக்கி, எதற்கோ இடம்விட்டு, அதைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அவர் மறுபடி சிரித்தபோதும் அப்படியே. ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை.

"அண்ணே, இங்க ஒரு பல் முன்னால வந்து நின்னுச்சா?"

மனைவி துள்ளினாள். "ஆமாக்கா! பஸ் படியில தொத்துற ஆள் மாதிரி! முப்பது வருஷம் அதை வச்சுத்தான் இவரைக் கிண்டலடிச்சு ஓட்டினேன்."

"அந்தச் சனியன் தொலைஞ்சுதுன்னு இருந்தேன்" என்றார் டிரைவர். "அதைப் போய் யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

பின்னறையில் கத்தியைச் சூடாக்கி, அந்த ஒரு பல்லை அரை அரிசி அளவு முன்னே இழுத்தாள். அதிகமாகத் தோன்றியது, கொஞ்சம் உள்ளே தள்ளினாள். நேராகவே வைத்துவிட்டுச் சீட்டின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்தது, போனது.

டாக்டர் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். "கோணல் கண்ணுல படலையா?"

"கண்ணுல பட்டுத்தான் சார் வச்சேன்."

"திரும்பி வந்தா?"

"நான் போயிடறேன் சார்."

டிரைவர் செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டாருய்யா படியில தொத்துறவரு!"

"சும்மா இருடி" என்று அதட்டப்போனவருக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. மற்றவர்கள் பல்லைப் பார்த்தார்கள். மெழுகக்கா உதட்டைப் பார்த்தாள். அது இடதுபக்கம் தூக்கியது, பல்லைத் தொட்டது, அதன்மேல் சாய்ந்து நின்றது.

"இதையே முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றார் டிரைவர்.

டாக்டர் செட்டை அவளிடம் நீட்டினார். "வார்ப்புக்கு அனுப்பு. ஆனா நான் நேரா வைன்னுதான் எழுதினேன், அதை மறந்துடாதே."

"மறக்கல சார்" என்றாள் அவள்.