சித்தப்பாவின் சப்பாத்தி மெஷின்

போர்வெல் லாரியோடு வடக்கே ஊர் ஊராகச் சுற்றிய சித்தப்பா, முதுகு போய் ராசிபுரத்துக்குத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. இனி லாரி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர், எழுந்து நடக்கத் தொடங்கியதும் கோயம்புத்தூர் போய், பீரோவைவிடப் பெரிய கண்ணாடி மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். நோட்டைச் செருகி எண்ணை அழுத்தினால், உள்ளே உறைந்து கிடக்கும் சப்பாத்தியும் குருமாவும் பொட்டலமாகக் கீழே விழும். வீட்டில் சூடு பண்ணிக்கொண்டால் போதும். நூல் மில் வாசலில், டீக்கடையை ஒட்டி அதை நிறுத்தினார். சமைத்துக் கொடுப்பது அம்மா.

முதல் வாரம், அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைசீவிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

அடுத்த சனிக்கிழமை காலை சித்தப்பா வைத்தியத்துக்குச் சேலம் போனார். மெஷினுக்கு நான் காவல். அவர் பஸ் ஏறிய சற்று நேரத்திலேயே மில் பக்கத்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஒரு மணிக்குத்தான் கரண்டு வந்தது. அதற்குள் பொட்டலங்களெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தன. ஆனால் மெஷின் மறுபடி உறுமியதும் எனக்கு உயிர் வந்தது.

இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து பெண்கள் வந்தார்கள்.

“ஏஞ்சாமி, கரண்டு போயிருந்துச்சே, நல்லாருக்குதா?” என்றார் ஓர் அக்கா.

“இப்பத்தானுங்க்கா அம்மா கொண்டாந்து வெச்சாங்க” என்று கூசாமல் சொன்னேன். நான்கு பேர் வாங்கினார்கள். நான் செய்த முதல் வியாபாரம்! குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் சித்தப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். டீக்கடைக்காரர் போனில் சொல்லியிருக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அம்மணி, அதத் திருப்பிக் குடுத்துருங்க. உருகிப்போச்சுங்க, தின்னா ஆவாது.”

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். “யாவாரம் பண்ண வந்தீங்களா, தானம் பண்ண வந்தீங்களாண்ணா?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பொட்டலங்கள் முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். விடியலில் எழுந்து உருட்டி உருட்டி அம்மாவின் தோள் வீங்கியிருந்தது எனக்குத் தெரியும். அழுதுகொண்டே போய் அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

“ஆராச்சும் தின்னுட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லம்மா.”

“செரி, மூஞ்சியக் கழுவிட்டு வா. மாவு பெசையோணும்.”

திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஷிப்டு விட்டதும், மில் கேட்டிலிருந்து நேராக மெஷினுக்கு வந்தார்கள். அந்த நான்கு பேரோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர். மூன்று மணிக்கெல்லாம் மெஷின் காலி. சித்தப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அதைத் துடைத்தார்.

எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. எங்கள் மெஷினில் வாங்கினால் பணம் திரும்பக் கிடைக்கும், அதனால்தான் இத்தனை கூட்டம் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.