அண்ணனுக்கு நான் தேர்ந்தெடுத்த ஹார்ட் டிஸ்க்

டிக்... டிக்... டிக்...

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் இப்படித்தான் சத்தம் போடும். குளிர் அறை, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. நாள் முழுக்கக் காதில் அந்தச் சத்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரியில் வேலை செய்தேன். எனக்கு ரீவொர்க் மேசை. டெஸ்டில் தோற்றவை மட்டும் சிவப்பு ஸ்டிக்கரோடு தட்டுத் தட்டாக என்னிடம் வரும். கழற்றிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று பிரிக்க வேண்டும். மூன்று வருஷம் அதுதான் செய்தேன்.

அப்போது என் அண்ணன் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் கிடைத்த தமிழ் எழுத்து எதுவும் அவருக்குப் பிடிக்காது. தகரத்தில் வெட்டிய மாதிரி இருக்கிறது என்பார். இரண்டு வருஷம் உட்கார்ந்து, மௌஸை வைத்தே சொந்தமாக எழுத்துகளை வரைந்தார். 'ழ' மட்டும் சரியாக வரவில்லை என்று நாலைந்து தடவை அழித்து வரைந்தார். என் பேரில் வரும் எழுத்தாயிற்றே... மலர்விழி.

பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது. சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் கொம்தாருக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு டிஸ்க்கை எடுத்து வைத்தார். இரண்டும் 120 எம்.பி. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று எங்கள் ஃபேக்டரி சரக்கு. இன்னொன்று வெளிநாட்டில் செய்தது, கையில் எடுத்தால் நல்ல கனம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். வீட்டில் ஹார்ட் டிஸ்க் தெரிந்த ஒரே ஆள் நான்தானே.

"எங்களோடது வேணாம்ணே. ஒரு நாளைக்கு எத்தன சாவுது தெரியுமா? இத எடுங்க, கனமா இருக்கு லா."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கடைக்காரர் எல்லாவற்றையும் புதியதில் ஏற்றிக் கொடுத்தார். பழைய டிஸ்க்கை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஃப்ளாப்பி டிஸ்கெட்டில் எழுத்துகளை ஒரு காப்பி எடுத்து வைக்கட்டுமா என்று அண்ணன் கேட்டார். அதெல்லாம் எதுக்கு என்றேன்.

அந்த வருஷமே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் தன் எழுத்தில் பத்திரிகை அடித்துக் கொடுத்தார். இரண்டு வாரம் போயிருக்கும்... நான் லீவில் வீட்டில் இருந்தேன். அண்ணன் கடையிலிருந்து போன்.

"மலரு, மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுது. நீயே கேளு."

ரிசீவரை கம்ப்யூட்டர் பக்கம் வைத்தார்.

டிக்... டிக்... டிக்...

நானே கழற்றிப் பார்த்தேன். தேறவில்லை. இரண்டு வருஷ உழைப்பு அதோடு போயிற்று.

அண்ணன் திட்டவில்லை. அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஆஸ்பத்திரியில வேல செஞ்சிட்டு, ஊர்ல எல்லாரும் சீக்காளின்னுட்ட. நல்லா இருக்கறவன் உங்கிட்ட எதுக்கு வரப் போறான்?"

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. நல்ல டிஸ்க்கெல்லாம் என் மேசைப் பக்கமே வராமல் லோரி ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது என் மகள் போனில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கிறாள். எல்லாம் கிளவுடில் இருக்கிறதாம். அது எந்த டிஸ்க், யார் செய்தது என்றெல்லாம் அவள் யோசிப்பதில்லை. தமிழ் எழுத்தும் எத்தனையோ வகை இலவசமாகவே கிடைக்கிறது. அண்ணன் மறுபடி வரையவில்லை. கேட்டால், பொறுமை போச்சு என்பார்.

போன வாரம் அலமாரியைக் கிளறியபோது என் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. அந்த எழுத்தில் அடித்த பத்திரிகை வேறு யாரிடமாவது இருக்குமா தெரியாது. என்னிடம் இருப்பது இந்த ஒரு தாள். அதில் என் பேர், அந்த 'ழ'வோடு.

மகளைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னேன்.

இரண்டு இடத்தில் காப்பி வைக்கச் சொன்னேன்.