தரையில் வைத்த சிலேட்டு

கீழ்வேளூருக்குக் கிழக்கே, பண்ணையாட்கள் குடியிருந்த தெருவில் பிறந்தவள் அம்சம். அவள் பள்ளிக்கூடம் போனது இரண்டே வகுப்பு. கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பஞ்சநதம் வாத்தியார் ஒரு நாளும் அதை வாய்திறந்து சொன்னதில்லை. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளின் சிலேட்டைக் கையில் வாங்கி, சாக்பீஸால் பெரிதாக ஒரு 'சரி' போடுவார். அம்சத்தின் தெருப் பிள்ளைகளோ சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்து, "ம், எடுத்துக்க" என்பார். மகா பெரிய மனுஷர்.

நடவுக்கு ஆள் வேண்டுமென்று அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சிலேட்டு போயிற்று, பழக்கம் போகவில்லை.

வளர்ந்து முருகையனைக் கட்டிக்கொண்டாள். அவன் சங்கத்து ஆள். கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு அறுவடையை மறித்து, திருச்சி ஜெயிலுக்குப் போய்வந்தவன். ஊர்வலத்தில் அவன் முன்னால் கொடி பிடிப்பான். அம்சம் கடைசி வரிசையில் வருவாள். ஆட்சி மாறி, குடியிருந்த மனைக்குப் பட்டா கொடுக்கத் தொடங்கினார்கள். தாலுகா ஆபீசுக்குப் போனவள், மனுவைக் குமாஸ்தாவின் காலடியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"ஏம்மா, கையில குடுத்தா என்ன?" என்றார் குமாஸ்தா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் முருகையன் கடிந்துகொண்டான். "மிராசுதாரையே எதுத்து நிக்கிறோம். நீ ஒரு குமாஸ்தாவுக்குப் பயப்படுறியே."

அது பயம் இல்லை. என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். மகள் இளவரசி தன்னைப்போல் கூனிக்குறுகி நிற்கக் கூடாது. அதற்காகவே, பள்ளியில் சேர்க்குமுன் தானே எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். வயலிலிருந்து வந்து உலை வைத்துவிட்டு, "எழுதிட்டியா? கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லு" என்பாள். பிறகு எட்டிப் பார்ப்பாள். பாடம் சொல்வது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

பள்ளியில் சேர்த்த அன்று அம்சம் வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டாள். புதிதாக வந்திருந்த நூர்ஜஹான் டீச்சர், "தெரிஞ்சத எழுதிக் காட்டு, கண்ணு" என்று கையை நீட்டினார். இளவரசி அழகாக எழுதினாள். சிலேட்டைத் தரையில் வைத்தாள். பின்னால் நகர்ந்து, கை கட்டி, தலை குனிந்து நின்றாள்.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்த்தது.

பஞ்சநதம் வாத்தியாரை இத்தனை காலம் தன் வீட்டுக்குள்ளேயே குடிவைத்திருந்தது தான்தான் என்று அம்சத்துக்கு விளங்கியபோது, அழுகையைவிட ஆத்திரம்தான் முந்தி வந்தது. விடுவிடுவென்று உள்ளே போனாள். சிலேட்டை எடுத்து, முந்தானையால் அடிப்பக்கத்து மண்ணைத் துடைத்து, மகளிடம் கொடுத்தாள்.

"டீச்சர் கையில குடு."

டீச்சர் வாங்கிப் பார்த்து, பெரிதாக ஒரு 'சரி' போட்டார். அம்சம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இளவரசி சிலேட்டோடு வந்தாள். வழக்கம்போலக் கீழே வைக்கக் குனிந்தவள், நிமிர்ந்து கேட்டாள்.

"இனிமே நீயும் கையில வாங்கிப்பியாம்மா?"

அம்சம் ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள்.