தீராத கல் பை

தெருவில் அவளுக்குப் பல்செட்டக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரு லேபில் உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டுகிறவள். பேர் வைத்தவர்கள் அதற்கு மேல் மூளையைக் கசக்கவில்லை. அவளுடைய அண்ணன் பேர் இன்னும் மோசம், கல்லுப்பொறுக்கி. கடலோரப் பாறைச் சரிவில் அவன் கல் பொறுக்குவான், இவள் வீட்டில் அதைச் சுத்தம் செய்வாள். பார்த்தால் நாயை விரட்டத்தான் ஆகும் என்கிற மாதிரி சாம்பல் நிற உருண்டைகள். உள்ளே அம்மோனைட் இருக்கும். மனுஷ ஜாதியே பிறக்காத காலத்தில் கடலில் நீந்தி, செத்து, சேற்றில் புதைந்து, கல்லாகவே ஆகிப்போன ஒரு பிராணியின் சுருள் ஓடு.

துணி துவைக்கிற அறைதான் பட்டறை. ஒரு மேஜை, ஒரு விளக்கு, தூசி உறிஞ்சுகிற மெஷின், மூலையில் கம்ப்ரஸர். அதன் காற்றில் ஓடுகிற ஊசிப்பேனா ஒன்று, கோழி தானியம் கொத்துகிற மாதிரி விடாமல் கொத்தும். முகமூடி கட்டாமல் அவள் உட்காரமாட்டாள். லேபில் தூசியைத் தின்று இருமியே படுத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். அந்த வேலைக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். வெறும் கல்லில் பேனா மொறமொற என்று உறுமும். ஓடு பக்கத்தில் வந்ததும் சத்தம் மெலிந்து கிர்ரென்று பல்லில் கூசும். அந்த இடத்தில் கையை எடுக்கத் தெரிய வேண்டும்.

ஓட்டில் சின்ன விரிசல் என்றால், கொத்திய கல்தூளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பாள், அதைப் பசையில் குழைத்து அடைப்பாள். துண்டே காணோம் என்றால் பல்செட்டின் ஈறுக்குப் போடுகிற ரோஸ் நிற அக்ரிலிக்.

"அசிங்கமா இருக்குடி" என்பான் அண்ணன்.

"அசிங்கமாத்தான் இருக்கணும். எது கடல் செஞ்சது, எது நான் செஞ்சதுன்னு பாக்கிறவனுக்குத் தெரிய வேணாமா?"

அவளுக்குத் தெரிந்து, அம்மோனைட்டுக்கு ஈறு கட்டிவிட்ட ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, அண்ணன் நிரம்பிய பையைச் சரிவின் மேலே பாதையோரம் வைத்தான். அங்கே ரோடு போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரியிடம், "இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, இன்னும் ஒரே ஒரு கல்லு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். அரைமணி நேரத்தில் சரிவே பெயர்ந்து கடலுக்குள் போய்விட்டது. எத்தனையோ நாள் தேடினார்கள், கிணற்றில் போட்ட கல்தான். பை மட்டும் மேஸ்திரியின் தோளில் ஏறி வீடு வந்து சேர்ந்தது.

அண்ணி நம்பவில்லை. "உடம்பைக் காட்டு, நம்பறேன்" என்றாள். வாசல் கதவைத் தாழ் போட விடவில்லை; வருகிற மனுஷன் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாதாம். சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தாள். சாயங்காலக் காற்றில் அந்தக் கதவு தானாகத் திறக்கும். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஒருவர் உள்ளே வந்து சாத்தினதுபோல, அதுவே மெதுவாக மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் மூன்றாவது தட்டை ஏறிட்டுப் பார்க்கப் பல்செட்டக்காவுக்கு ஆகாது.

அண்ணி நல்ல தையல்காரி. இப்போது மிஷின்மேல் போர்வை கிடக்கிறது, கால் வயிறு சாப்பாடு, ஆள் பாதியாகிவிட்டாள். அண்ணனைக் கடல் கொண்டுபோயிற்று, அண்ணியை இந்தத் திறந்த கதவு கொண்டுபோகும் என்று பல்செட்டக்காவுக்கு உள்ளூர உதறல். தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. ஆள் இறந்துவிட்டதாக எழுதிக்கொள்ள மனைவியும் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் போட்டாலாவது ஒரு முடிவு வரும் என்று அண்ணியிடம் கெஞ்சினாள்.

அண்ணி பையைக் காட்டினாள். "அவர் கொண்டுவந்த வேலை இன்னும் கிடக்குதே. கடைசிக் கல்லைத் திறந்துட்டுச் சொல்லு. அன்னைக்குப் போடறேன். சத்தியம்."

பல்செட்டக்கா சரி என்று உட்கார்ந்தாள். காலையில் லேப், மூன்று மணிக்கு வீடு, அப்புறம் இருட்டும்வரை கல். ஒன்று முடிய இரண்டு வாரம் பிடிக்கும். முடிந்ததை அண்ணி வாங்கித் துடைத்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவாள். அந்த வேலை கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுடையது.

பை தீரவில்லை.

முதலில் பல்செட்டக்காவுக்கு அது உறைக்கவில்லை. மிஞ்சிப்போனால் பன்னிரண்டு கல் பிடிக்கிற பை. ஆறேழு மாதம் கழித்தும் கையை விட்டால் அடியில் நாலைந்து உருண்டை தட்டுப்பட்டது. கல்லும் ஒரு மாதிரியாக இருந்தது. திறந்த ஓட்டைப் பார்த்தால், இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். மூன்றாவது சுற்றில் ஒரு நெளிவு, ஓரத்தில் ஒரு பிறை மாதிரி உடைசல், அதே இடத்தில் அதே உடைசல். ஒரே கடல், ஒரே இனம், அண்ணன் தம்பி ஜாடை இருக்காதா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சத்தமும் கெட்டுப்போயிருந்தது, பேனா உறுமாமல் மந்தமாக முனகியது. ஊசியை மாற்றினாள், குழாயை மாற்றினாள், கம்ப்ரஸரை வாயில் வந்தபடி திட்டினாள். பாவம், அது என்ன செய்யும்?

ஒரு நாள் லேப் லீவு. பகலிலேயே ஒரு கல்லை எடுத்து உட்கார்ந்தாள். நாலு பக்கமும் மூடின உருண்டை. பின்பக்கத்திலிருந்து கொத்திக்கொண்டே போனாள். விரல்கடை ஆழம் போனதும் தூசிக்கு நடுவில் ஏதோ நிறம் தெரிந்தது. பேனாவை நிறுத்தி, பிரஷ்ஷால் தள்ளிப் பார்த்தாள்.

ரோஸ் நிறம். பல் ஈறு நிறம்.

கோடிக்கணக்கான வருஷமாக மூடிக்கிடந்த கல்லுக்குள் அவள் கையால் கட்டிய ஈறு. ஓரத்தில் அவள் தேய்த்து வழவழப்பாக்கிய தடம்கூட இருந்தது. கம்ப்ரஸர் தானாக அணைந்தது, வீடு கப்சிப். ஐயோ, அப்படியானால் நான் எப்போது இதற்குள் போனேன் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது.

எழுந்து கல்தூள் டப்பாவைத் திறந்தாள். வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. அண்ணியின் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். எட்டு மாத வேலை. இந்தப் பைக் கல்லுக்கென்று ஒதுக்கிய தட்டில் துணி மூட்டைகள் பதினைந்தாவது இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தன.

அண்ணி பின்னால் வந்து நின்றாள். நகக்கண்ணில் சாம்பல் நிறப் பசை. இத்தனை நாள் அதை யாரும் பார்க்கவில்லை என்றால் பார்க்க விருப்பமில்லை என்றுதான் அர்த்தம்.

"எல்லாம் நீங்கதானா அண்ணி?"

"நீ லேபுக்குப் போனப்புறம்" என்றாள் அண்ணி. "தூளைப் பசையில குழைச்சு, மேல பூசிப் பூசி... நீ செய்யறதைத்தானே வருஷக்கணக்கா பாத்துட்டிருக்கேன். ரோஸ் இல்லாததாப் பாத்துத்தான் எடுப்பேன். இதுல பின்பக்கம் பாக்கலை போலிருக்கு."

"ஏன் அண்ணி இப்படி? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?"

"கடைசிக் கல்லு முடிஞ்சா அவர் செத்துப்போயிடுவார்" என்றாள் அண்ணி, பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "நீ திறப்பே, நான் மூடுவேன். அதுவரைக்கும் அவர் கீழ இறங்கிக் கல் பொறுக்கிட்டே இருப்பார்."

பல்செட்டக்காவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. எப்பவோ சத்தம் மாறிப்போச்சு. இருபத்திரண்டு வருஷக் காது, பசைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதா? கம்ப்ரஸர் மேல பழியைப் போட்டுட்டு நானும் கொத்திக்கிட்டே இருந்தேன். உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னேனே, நான் போட்டேனா? படிவத்துல என் இடமும் காலியாத்தான் கிடக்கு."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எட்டு மாதத்து அழுகை, சீக்கிரம் நிற்கவில்லை. நின்றதும் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முகமூடியைக் குடு" என்றாள். "நான் மூடினதை நானே திறக்கறேன்."

அன்று பகலெல்லாம் திறந்தார்கள். மேஜைமேல் பாதியில் கிடந்தது போக, பையில் மிச்சமிருந்தது மூன்று கல், மூன்றும் அண்ணி பூசினவை. பூச்சு கல் மாதிரி அடம் பிடிக்கவில்லை, பொருபொருவென்று வந்தது. அண்ணி கொத்த, சத்தம் மெலிந்ததும் பல்செட்டக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கடைசிக் கல்லும் முடிந்து, அண்ணி பையைத் தலைகீழாக உதறினாள். கொஞ்சம் மணல் விழுந்தது. அதை விரலால் கூட்டி எடுத்துத் தூள் டப்பாவில் போட்டு மூடினாள். படிவத்தில் முதலில் தங்கை கையெழுத்துப் போட்டாள், அப்புறம் மனைவி.

சாயங்காலம் அண்ணி இரண்டு தட்டு வைத்தாள். சாப்பிடுவதற்கு முன் வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். இரும்புத் தாழ், எட்டு மாதம் அசையாமல் இருந்ததால் கிறீச்சிட்டது.

உட்கார்ந்தார்கள். சாதத்தில் கை வைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது. இத்தனை நாளும் அவன் வந்திருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கதவு திறந்திருந்தது, காற்றோடு காற்றாக வந்து போயிருப்பான். இனிமேல் வந்தால் தட்டியாக வேண்டும்.

வெளியே வழக்கமான காற்று வந்து கதவை ஒரு தரம் தள்ளிப் பார்த்தது. தாழ் அசைந்து நின்றது. பல்செட்டக்கா எழப்போனாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடு" என்றாள் அண்ணி.